சூறாவளியை விரட்டிய சிரிப்பு நட்சத்திரம்

அந்தக் கொட்டகைக்குள் தினமும் சூறாவளி அடித்தது.

காலையில் அடித்தது. மத்தியானம் அடித்தது. பொழுது சாய்ந்த பிறகும் அடித்தது. ஜனங்கள் வரிசையில் காத்திருந்து உள்ளே போனார்கள். ஒரு மேடையில் கூட்டமாக நின்றார்கள். விளக்கு மங்கியது. மழை தூறியது. எதிரே, ஐந்து மாடி உயரத்துக்குக் காற்று சுழன்று எழுந்தது! லாரி நகர்ந்தது. தீ மூண்டது. இத்தனைக்கும் நடுவே ஒரு பசுமாடு அந்தரத்தில் பறந்து போனது!

குழந்தைகள் "வீல்" என்று கத்தினார்கள். அடுத்த நிமிஷம் கைகொட்டிச் சிரித்தார்கள்.

மாடு, பொம்மை மாடு. காற்று, மிஷின் காற்று.

இந்த வேடிக்கை நடந்த இடம், அமெரிக்காவில் பிளாரிடா மாகாணம், ஆர்லண்டோ நகரம். "யூனிவர்சல்" என்ற சினிமாக் கம்பெனி அங்கே பெரிய கேளிக்கைப் பூங்கா நடத்துகிறது. ஊர் அளவுக்கு இடத்தை வளைத்து, ஆண்டு முழுவதும் நடத்துகிற பொருட்காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராட்டினம், ரெயில், படகு, பேய் வீடு எல்லாம் உண்டு. ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு கதை உண்டு.

சூறாவளிக் காட்சியை 1998-ம் ஆண்டு மே மாதம் திறந்தார்கள். அதற்கு முன்பே திறந்திருக்க வேண்டியது. ஆனால் அந்த ஆண்டு பிப்ரவரி மாதம் மத்திய பிளாரிடாவில் நிஜமான சூறாவளிகள் அடித்தன. 42 பேர் மாண்டார்கள். ஊரே துக்கத்தில் இருக்கும்போது சூறாவளியை வேடிக்கை காட்டலாமா? திறப்பு விழாவைத் தள்ளிப் போட்டார்கள்.

பிறகு 17 ஆண்டுகள் அந்தப் பொம்மை மாடு பறந்தது. சிறுவனாக வந்து பார்த்தவன், பெரியவனாகித் தன் குழந்தையைத் தோளில் தூக்கி வந்து காட்டக்கூடிய காலம் அது.

2015-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதியோடு காற்று நின்றது. கொட்டகையைக் காலி செய்தார்கள்.

யாருக்காக? ஒரு சிரிப்பு நட்சத்திரத்துக்காக!

இரவு நேர ராஜா

அவர் பெயர் ஜிம்மி பேலன். சினிமா, பாட்டு, நையாண்டி எல்லாம் தெரிந்தவர். அமெரிக்க டெலிவிஷனில் "டுநைட் ஷோ" என்று ஓர் இரவு நேர நிகழ்ச்சி உண்டு. 1954-ம் ஆண்டில் தொடங்கியது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள், படுக்கப் போகும் முன் பார்த்துச் சிரிக்கிற நிகழ்ச்சி. 2014-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்த நாற்காலி பேலனுக்குக் கிடைத்தது.

அவருடைய நிகழ்ச்சியை ஒளிபரப்புவது என்.பி.சி. டெலிவிஷன். அந்த டெலிவிஷனுக்கும் யூனிவர்சல் பூங்காவுக்கும் ஒரே முதலாளிதான். "காம்காஸ்ட்" என்ற கம்பெனி. இனிச் சொல்ல வேண்டுமா? நம் வீட்டுப் பிள்ளையை நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தார்கள்!

2017-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி புதிய காட்சி திறக்கப்பட்டது. 72 பேர் ஒரே நேரத்தில் உட்காரலாம். கண்ணுக்கு ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். எதிரே பெரிய திரை. பேலன் நியூயார்க் நகரத் தெருக்களில் வண்டியில் பறக்கிறார். பார்க்கிறவர்களின் நாற்காலியும் கூடவே ஆடுகிறது, சாய்கிறது, குதிக்கிறது. நியூயார்க் போதாதென்று, சந்திர மண்டலத்துக்கும் போய்த் திரும்புகிறார்கள்!

சவாரியை விடக் காத்திருக்கும் இடம்தான் ஜோர். வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டாம். சோபாவில் உட்காரலாம். நான்கு பாடகர்கள் வந்து பாடுவார்கள். பாண்டாக் கரடி வேஷம் போட்டவர் வந்து ஆடுவார்.

ரசிகர்கள் என்ன சொன்னார்கள்?

இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்!

"நல்ல ஏற்பாடு. தாத்தா, பாட்டியும் பயப்படாமல் உட்காரலாம். வெயிலில் வாடி வந்தவர்கள் இளைப்பாறலாம்" என்பது ஒரு கட்சி.

"சூறாவளி என்றால் எந்த நாட்டாருக்கும் தெரியும். மாடு பறந்தால் எந்தப் பிள்ளைக்கும் சிரிப்பு வரும். பேலன் யார் என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்பது எதிர்க் கட்சி.

அவர்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. முன்பு காற்று முகத்தில் அடித்தது. தண்ணீர் மேலே தெறித்தது. தீயின் சூடு உறைத்தது. இப்போது எல்லாம் திரையில். "திரையைப் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா? அது வீட்டிலேயே இருக்கிறதே!" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒரு நாள் டிக்கெட்டே 100 டாலருக்கு மேல். குடும்பத்தோடு வருகிறவர்கள் பல மாதம் பணம் சேர்த்து வருகிறார்கள்.

ஆனால் பழைய சூறாவளியும் பரம்பரைச் சொத்து அல்ல. அது இருந்த கொட்டகையில் அதற்கு முன்பு பேய் பிடிக்கும் காட்சி ஒன்று நடந்து வந்தது. "கோஸ்ட்பஸ்டர்ஸ்" என்ற சினிமாவை வைத்துச் செய்தது. அதைத் தள்ளிவிட்டுத்தான் சூறாவளி உள்ளே வந்தது! அந்தச் சூறாவளியும் ஒரு சினிமாக் கதைதான். அந்தப் படத்தில் நடித்த பில் பாக்ஸ்டனும் ஹெலன் ஹண்டும் திரையில் வந்து, உள்ளே போகிறவர்களுக்குக் கதை சொன்னார்கள். அவர்களும் நட்சத்திரங்கள்தானே! ஆனால் மாடு பறந்ததும் நட்சத்திரங்களை ஜனங்கள் மறந்துவிட்டார்கள். மாட்டைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

டைனோசர் நடுவே தூக்கம்

ஆர்லண்டோவில் யூனிவர்சலுக்குப் போட்டி, டிஸ்னி கம்பெனி. மிக்கி எலியைப் படைத்தாரே வால்ட் டிஸ்னி, அவர் ஆரம்பித்த கம்பெனிதான். அந்தக் கம்பெனிக்கு அங்கே பல பூங்காக்கள் உண்டு. அதில் ஒன்று "எப்காட்". 1982-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி திறந்தது.

எப்காட்டில் சக்தியைப் பற்றி ஒரு பெரிய காட்சி இருந்தது. நிலக்கரி எப்படி வந்தது, எண்ணெய் எப்படி வந்தது, மின்சாரம் எப்படி வருகிறது என்று சொல்லும் காட்சி. கூரை மேல் சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் சில்லுகள் பதித்திருந்தார்கள். உள்ளே ஓடும் வண்டிகளுக்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அதிலிருந்து வந்தது.

வண்டியா? சினிமாக் கொட்டகை என்றல்லவா நினைப்பீர்கள்! அங்கேதான் வேடிக்கை. ஜனங்கள் கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். திடீரென்று பெஞ்சுகள் நகரும்! கொட்டகையே ஆறு துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டும் ஒரு வண்டி. ஐந்நூறு பேருக்கு மேல் அப்படியே நகர்ந்து இருட்டுக் காட்டுக்குள் போவார்கள். அங்கே ராட்சத டைனோசர்கள் தலையை ஆட்டும். சேற்று வாசனை வரும். எரிமலை கொதிக்கும்.

பிள்ளைகளுக்கு டைனோசர் பிடித்தது. ஆனால் பாடம் கொஞ்சம் நீளம். 1996-ம் ஆண்டு டிஸ்னி கம்பெனியார் ஒரு யோசனை செய்தார்கள். நட்சத்திரத்தைக் கொண்டு வந்தால் என்ன?

எலன் டிஜெனரஸ் என்ற நகைச்சுவை நடிகை வந்தார். அப்போது டெலிவிஷனில் அவருக்கு நல்ல செல்வாக்கு. கதை இதுதான்: எலன் வீட்டில் தூங்கிவிடுகிறார். கனவில் ஒரு கேள்வி-பதில் போட்டியில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாக் கேள்வியும் சக்தியைப் பற்றி! அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பில் நை என்ற விஞ்ஞானம் சொல்லித் தரும் டெலிவிஷன் வாத்தியார் வந்து, அவரை டைனோசர் காலத்துக்கே கூட்டிப் போகிறார்.

டைனோசர் காட்டுக்குள் எலனைப் போலவே ஒரு மிஷின் பொம்மையும் செய்து நிறுத்தினார்கள். நீண்ட கழுத்துப் பிராணி ஒன்றோடு அந்தப் பொம்மை மல்லுக்கு நின்றது!

பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். "பழைய காட்சியில் ஒரு கம்பீரம் இருந்தது. பாட்டு இருந்தது. இப்போது எல்லாம் கோமாளிக் கூத்து" என்றார்கள்.

ஆண்டுகள் ஓடின. காட்சிக்குப் பண உதவி செய்து வந்த எக்ஸான் எண்ணெய்க் கம்பெனி 2004-ம் ஆண்டில் விலகியது. எலனுடைய தலைமுடி, சட்டை எல்லாம் பழைய மோஸ்தர் ஆயின. சிரிப்புக்கு வயதாகிவிட்டது. திரையில் இருந்தவர் 1996-லேயே நின்றார். வெளியில் இருந்த எலன் வேறு நிகழ்ச்சி, வேறு புகழ் என்று போய்விட்டார்.

அப்போதும் கூட்டம் வந்தது. எதற்குத் தெரியுமா? பாதிப் பேர் தூங்க வந்தார்கள்!

பிளாரிடா வெயில் கொடுமையான வெயில். காட்சி முக்கால் மணி நேரம். உள்ளே குளுகுளு வசதி. இருட்டு. உட்கார மெத்தென்ற பெஞ்சு. காலையிலிருந்து பிள்ளைகளைத் தூக்கி அலைந்த தகப்பன் வேறு என்ன செய்வான்? குறட்டை விட்டான். டைனோசர் கத்தும்போது ஒரு தடவை விழித்தான். மறுபடியும் தூங்கினான். இதை ரசிகர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லுகிறார்கள்.

2017-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி கடைசி நாள். அன்று கடைசி முறையாகப் பார்க்கக் கூட்டம் வந்தது. கோமாளிக் கூத்து என்று பெயர் வாங்கிய அதே காட்சிக்காக ஜனங்கள் கண் கலங்கினார்கள்! 1996-ல் சிறு பிள்ளைகளாக வந்தவர்களுக்கு எலன்தான் பழைய காட்சி. அதற்கு முன்பு இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

உள்ளே போக உயரம் போதாது

அந்த இடத்தில் 2022-ம் ஆண்டு மே 27-ந் தேதி புதிய சவாரி வந்தது. "கார்டியன்ஸ் ஆப் தி காலக்சி" என்ற சினிமாவை வைத்துச் செய்த ரோலர் கோஸ்டர். இருட்டில் பறக்கும் ரெயில் என்று சொல்லலாம். பின்பக்கமாகவே பாய்ந்து கிளம்பும்! கிறிஸ் பிராட், ஸோ சல்டானா ஆகிய சினிமா நட்சத்திரங்கள் திரையில் வருகிறார்கள். ஆறு பாட்டுகளில் ஏதாவது ஒன்று காதைப் பிளக்கும்.

இந்தச் சவாரிக்கு ரசிகர்கள் அமோக வரவேற்பு கொடுத்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. இறங்கியதும் திரும்பவும் ஏறலாமா என்று கேட்பவர்கள் அநேகம்.

ஆனால் வாசலில் ஓர் அளவுகோல் நிற்கிறது. 42 அங்குல உயரம் இல்லாத பிள்ளை உள்ளே போக முடியாது. கர்ப்பிணிப் பெண்கள் ஏறக் கூடாது. முதுகு வலிக்காரர்கள் ஏறக் கூடாது. பழைய டைனோசர் காட்டுக்குள் கைக்குழந்தையும் போனது, கொள்ளுப் பாட்டியும் போனாள். ஒரே பெஞ்சில் குடும்பம் முழுவதும் உட்கார்ந்தது. இப்போது அண்ணன் உள்ளே, தம்பி வெளியே. அப்பா உள்ளே, அம்மா தம்பியோடு வெளியே.

ரசிகர்களின் சண்டையில் கவனிக்க வேண்டிய பேச்சு இதுதான். நட்சத்திரம் யார் என்பதைப் பற்றி அவர்கள் எவ்வளவோ சத்தம் போடுகிறார்கள். அடியில் கிடக்கும் வருத்தம் வேறு. பாட்டி எங்கே உட்காருவாள் என்பதுதான் அது.

ஊதா நிற டிராகன்

எப்காட்டிலேயே இன்னொரு கதை நடந்தது. அதில் ஜனங்கள் ஜெயித்தார்கள்!

1983-ம் ஆண்டு மார்ச் மாதம் "கற்பனைப் பயணம்" என்ற சவாரி திறந்தது. தாடி வைத்த ஒரு கனவுக் கிழவர். அவருக்கு ஒரு சிநேகிதன். அவன் ஊதா நிறக் குட்டி டிராகன். டிராகன் என்றால் நெருப்புக் கக்கும் இறக்கைப் பாம்பு அல்லவா? இவன் அப்படி இல்லை. துறுதுறுவென்று ஓடுவான், சிரிப்பான். பெயர் பிக்மெண்ட். அவன் எந்த சினிமாவிலும் நடித்தவன் அல்ல. அந்தச் சவாரிக்காகவே பிறந்தவன்.

1998-ம் ஆண்டு சவாரியை மூடினார்கள். மறு ஆண்டு புதுப்பித்துத் திறந்தார்கள். கிழவரைக் காணோம்! பிக்மெண்ட் அங்கே ஒரு கணம், இங்கே ஒரு கணம் தலை காட்டினான். அவ்வளவுதான். அவர்களுக்குப் பதிலாக எரிக் ஐடில் என்ற இங்கிலாந்து நகைச்சுவை நடிகர், கோட்டு போட்ட டாக்டராக வந்து பேசினார். ஐடில் நல்ல நடிகர். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பிள்ளைகள் டிராகனைத் தேடினார்கள்!

புகார் குவிந்தது. இரண்டே ஆண்டில், 2001-ம் ஆண்டு அக்டோபரில், அந்தப் புதிய சவாரியை மூடிவிட்டார்கள். 2002-ம் ஆண்டு ஜூன் மாதம் மறுபடியும் திறந்தார்கள். இந்தத் தடவை சவாரியின் பெயரிலேயே பிக்மெண்ட் இருந்தான். நடிகரை அனுப்பவில்லை. டாக்டர் ஒரு பக்கம் பாடம் நடத்த, குட்டி டிராகன் ஊடே புகுந்து குறும்பு செய்கிற மாதிரி மாற்றிவிட்டார்கள்! ஆனால் கனவுக் கிழவர் சவாரிக்குத் திரும்பவே இல்லை. அதற்காக இன்னும் வருத்தப்படுகிறவர்கள் உண்டு.

பிக்மெண்டின் செல்வாக்கு எவ்வளவு? 2022-ம் ஆண்டு ஜனவரி மாதம் எப்காட்டில் சோளப்பொரி விற்றார்கள். பிக்மெண்ட் உருவத்தில் செய்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அந்த டப்பாவை வாங்க ஜனங்கள் பல மணி நேரம் வரிசையில் நின்றார்கள்! பொரிக்காக அல்ல, டப்பாவுக்காக!

மாண்டவர் மீண்டார்

நட்சத்திரம் என்றால் ரசிகர்களுக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மைக்கேல் ஜாக்சன் கதையைக் கேளுங்கள்.

1986-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் டிஸ்னி பூங்காக்களில் "கேப்டன் ஈ.ஓ." என்ற படம் வந்தது. 17 நிமிஷப் படம். ஜாக்சன் விண்வெளிக் கப்பல் தலைவனாக வந்து ஆடிப் பாடினார். டைரக்ஷன், பிரான்சிஸ் போர்ட் கப்போலா. கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால் உருவங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்.

சுமார் பத்து ஆண்டு ஓடியது. 1994-ல் எப்காட்டிலும், 1997-ல் கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாந்திலும் எடுத்துவிட்டார்கள். படத்துக்கும் பழைய வாடை வந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

2009-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி ஜாக்சன் இறந்தார். உலகம் முழுவதும் ரசிகர்கள் அழுதார்கள். அந்தப் படத்தை மறுபடியும் காட்டுங்கள் என்று கேட்டார்கள். 2010-ம் ஆண்டு பிப்ரவரியில் டிஸ்னிலாந்திலும், ஜூலையில் எப்காட்டிலும் "கேப்டன் ஈ.ஓ." திரும்பி வந்தது. முன்பு சிறுவர்களாகப் பார்த்தவர்கள், இப்போது தங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். இன்னும் சில ஆண்டுகள் ஓடிய பிறகு மறுபடியும் எடுத்துவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. டிஸ்னிலாந்தில் 1967-ம் ஆண்டிலிருந்து கடல் கொள்ளைக்காரர் படகுச் சவாரி இருக்கிறது. அந்தச் சவாரியை வைத்து 2003-ம் ஆண்டில் சினிமா எடுத்தார்கள். ஜானி டெப் நடித்தார். படம் பிரமாத வெற்றி! உடனே 2006-ல் ஜானி டெப்பைப் போலவே பொம்மை செய்து, பழைய படகுச் சவாரிக்குள் கொண்டு போய் வைத்துவிட்டார்கள். பிள்ளையைப் போலத் தாய்க்கு வேஷம் போட்ட கதைதான். சில பழைய ரசிகர்கள் பல்லைக் கடித்தார்கள். சிறு பிள்ளைகளோ பொம்மை எங்கே, எங்கே என்று படகிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

பொம்மைக்கு மூப்பு இல்லை

ஆர்லண்டோவில் டிஸ்னிக்கு இன்னொரு பூங்கா இருக்கிறது. சினிமாவைப் பற்றிய பூங்கா. அங்கே 1999-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி "ஏரோஸ்மித்" என்ற புகழ்பெற்ற பாட்டுக் கோஷ்டியின் பெயரில் ரோலர் கோஸ்டர் திறந்தார்கள். கச்சேரிக்கு நேரமாகிவிட்டது, சீக்கிரம் காரில் ஏறுங்கள் என்பது கதை. ஏறி உட்கார்ந்தால் மூன்று விநாடிக்குள் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பிடிக்கும்! வயிறு தொண்டைக்கு வந்துவிடும்.

அது 25 ஆண்டு தாண்டி நின்றது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் ஏரோஸ்மித் கோஷ்டியார் இனி ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதில்லை என்று அறிவித்தார்கள். பாடகரின் தொண்டையில் ஏற்பட்ட காயம்தான் காரணம். அதே ஆண்டு நவம்பரில் டிஸ்னி கம்பெனியும் ஓர் அறிவிப்பு செய்தது. ரோலர் கோஸ்டர் இருக்கும், ஏரோஸ்மித் இருக்காது! அவர்கள் இடத்துக்கு மப்பெட் பொம்மைகள் வரும்!

மப்பெட் என்பது கெர்மிட் தவளை முதலான கைப்பொம்மைகள். ஜிம் ஹென்சன் என்ற கலைஞர் படைத்தவை. மனிதனுக்குப் பதில் பொம்மை! பாடகருக்குத் தொண்டை கட்டும். தலை நரைக்கும். தவளைப் பொம்மைக்கு என்ன வயது?

ரசிகர்கள் இதற்குச் சந்தோஷப்பட வேண்டியவர்கள். பாதிதான் சந்தோஷப்பட்டார்கள். ஏனென்றால் அதே பூங்காவில் மப்பெட்களுக்கு ஏற்கெனவே ஒரு கொட்டகை இருந்தது. ஹென்சன் தம் கடைசிக் காலத்தில் தாமே டைரக்ட் செய்த காட்சி அது. 1990-ம் ஆண்டு மே 16-ந் தேதி அவர் இறந்தார். சரியாக ஓர் ஆண்டு கழித்து, 1991-ம் ஆண்டு மே 16-ந் தேதி காட்சி திறந்தது. அந்தக் கொட்டகையை 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் மூடிவிட்டார்கள். வேறொரு கார்ட்டூன் படத்துக்கு இடம் வேண்டுமாம். புதிய இடத்தில் தவளையைப் பார்க்கலாம். ஆனால் ஹென்சன் கைப்பட ஆட்டிய தவளையை, அவர் விட்டுப் போன மேடையில் இனிப் பார்க்க முடியாது.

டாலி வீட்டு ரெயில்

இத்தனை சண்டைக்கும் நடுவில், சண்டையே இல்லாமல் ஒரு நட்சத்திரம் பூங்கா நடத்துகிறார். பெயர் டாலி பார்ட்டன். கிராமியப் பாட்டுப் பாடும் பெரிய பாடகி. டென்னஸி மாகாணத்தின் மலைப் பிரதேசத்தில் பிறந்தவர். உடன்பிறந்தவர்களோடு சேர்த்து 12 குழந்தைகள். ஏழைக் குடும்பம். சின்ன மரக் குடிசை.

அவர் ஊருக்கு அருகே பிஜன் போர்ஜ் என்ற ஊரில் 1961-ம் ஆண்டிலிருந்தே ஒரு பூங்கா இருந்தது. நிலக்கரி போட்டு ஓட்டும் பழைய நீராவி ரெயில்தான் அதற்கு மூலதனம். முதலாளிகள் மாறினார்கள். பெயர் மாறியது. 1986-ம் ஆண்டு பார்ட்டன் பங்குதாரராகச் சேர்ந்தார். பூங்காவுக்கு "டாலிவுட்" என்று பெயர் வைத்தார்கள்.

பூங்கா முழுவதும் அவர் பெயர்தான். ஆனால் அவர் ரெயிலை எடுக்கவில்லை! "கூ" என்று கத்திக்கொண்டு, புகை விட்டுக்கொண்டு அது மலை ஏறுகிறது. உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் கரித்தூள் விழுகிறது. அதற்கும் யாரும் கோபிப்பதில்லை. பார்ட்டன் பிறந்து வளர்ந்த குடிசையைப் போலவே ஒரு குடிசையும் பூங்காவில் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர் அவருடைய சகோதரர். உள்ளே சாமான்களை அடுக்கி வைத்தவர் அவருடைய தாயார். பார்க்க வருகிற கிழவிகள், "எங்கள் வீடும் இப்படித்தான் இருந்தது" என்று தங்கள் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

தேரை வாங்கிய கரடி

ரசிகர்கள் போராட்டத்தில் இறங்கிய கதை ஒன்று பாக்கி இருக்கிறது.

ஆர்லண்டோ டிஸ்னி பூங்காவில் 1971-ம் ஆண்டு திறப்பு விழா நாளிலிருந்தே "தேரையார் சவாரி" என்று ஒன்று இருந்தது. தேரை ஒன்று பணக்காரத் துரை மாதிரி கோட்டு போட்டுக்கொண்டு மோட்டார் ஓட்டும். கண்டபடி ஓட்டும். கோர்ட்டுக்குப் போகும். முடிவில் நரகத்துக்கே போய்விடும்! பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆனந்தம்.

1997-ம் ஆண்டு, அதை எடுத்துவிடப் போகிறார்கள் என்று செய்தி கசிந்தது. "வின்னி தி பூ" என்ற கரடிக்கு இடம் வேண்டுமாம். அந்தக் கரடி அப்போது கடைகளில் சக்கைப்போடு போட்டது. ரசிகர்கள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பூங்காவுக்குள் கூடினார்கள். கடிதம் எழுதினார்கள். தேரைச் சவாரியில் திரும்பத் திரும்ப ஏறிக் காட்டினார்கள். சத்தம் போடவில்லை. கல் எறியவில்லை. சவாரி செய்வதே போராட்டம்!

பலிக்கவில்லை. 1998-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி சவாரியை மூடிவிட்டார்கள். மறு ஆண்டு ஜூன் மாதம் அதே கட்டிடத்தில் கரடியின் சவாரி திறந்தது.

ஆனால் உள்ளே வேலை செய்த கலைஞர்களுக்கு மனம் கேட்கவில்லை போலும். கரடிச் சவாரியில் ஆந்தையின் வீடு ஒன்று வருகிறது. வண்டி அதைக் கடக்கும்போது இடப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். படத்தில் தேரைத் துரை நிற்கிறார். கையில் ஒரு பத்திரம். அதை ஆந்தையிடம் நீட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டுப் பத்திரம்!